வெள்ளத்துரை அண்ணாச்சி வளர்ந்த பத்து வாரங்கள்

ஐம்பத்திரண்டு வயதுக்கு மேல் உயரமாவது என்று வெள்ளத்துரை முடிவெடுத்ததற்கு ஒரு போட்டோதான் காரணம்.

மகள் ஷாலுவின் நிச்சயதார்த்தம் ராயபுரத்தில் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் நெடுநெடுவென்று இருப்பார்கள். மாப்பிள்ளையின் அப்பா ராசையா துறைமுகத்தில் கிரேன் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆறடிக்கு மேல் ஒரு அங்குலம். தட்டு மாற்றி முடிந்ததும் இரண்டு குடும்பத்தையும் மேடையில் ஏற்றிப் படம் பிடித்தார்கள். சம்பந்திக்கும் தன் மனைவி இசக்கியம்மாளுக்கும் நடுவில், இரண்டாவது வரிசையில் நின்ற வெள்ளத்துரை, தன்னால் முடிந்த அளவுக்கு நன்றாகவே சிரித்தார். படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது அந்தச் சிரிப்பைக் காணோம். முன்னால் நின்ற ஒரு சித்தியின் கொண்டைக்கு மேலே அவருடைய நெற்றியும் சந்தனப் பொட்டும் மட்டும் தெரிந்தன.

அதன் கீழே சாத்தான்குளத்திலிருந்து தங்கச்சி மாப்பிள்ளை கேட்டிருந்தார்: "வெள்ளத்துரை மச்சான் விசேஷத்துக்கு வரலையா?"

"கடைய விட்டுட்டு வர முடிஞ்சிருக்காது, பாவம்" என்று இன்னொருவர் பதிலும் போட்டிருந்தார். அந்தப் பதிலுக்குப் பதினோரு பேர் கும்பிடு வைத்திருந்தார்கள்.

வெள்ளத்துரையின் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அதைப் பற்றி அவர் அதுவரை பெரிதாக வருத்தப்பட்டதில்லை. திருவொற்றியூர் ஹைரோட்டில் அவருக்குச் சொந்தமாகக் கடை இருந்தது. மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை எடுத்துச் செய்கிற ஒப்பந்தக்காரர்களுக்கு ஹெல்மெட், கையுறை, கயிறு, கம்பூட், சேஃப்டி ஷூ என்று மொத்தமாகக் கொடுப்பார். கல்லாவில் உட்கார்ந்துவிட்டால் எல்லாரும் ஒரே உயரம்தான். ஆயிரக்கணக்கான கால்களுக்கு ஷூ விற்ற அவர் தன் காலுக்கு ஒன்று போட்டதில்லை. வெள்ளை வேட்டி, தோல் செருப்பு, அவ்வளவுதான்.

இரண்டு நாள் அந்தப் படத்தைத் திறந்து திறந்து பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு கணக்குப் போட்டார். சம்பந்தி அளவுக்கு வருவதெல்லாம் பேராசை. பொண்டாட்டி அளவுக்கு வந்தால் போதும். இசக்கியம்மாள் தன்னைவிட மூன்று அங்குலம் கூட இருப்பாள் என்பது அவருடைய இருபத்தாறு வருஷத்து மதிப்பீடு. கல்யாணத்துக்குப் பத்து வாரம் இருந்தது. வரவேற்பு மேடையில் பெண்ணின் அப்பா வந்திருக்கிறார் என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

தன் கடைச் சரக்கில் உயரம் கூட்டுகிற ஷூ கிடையாது. தெரிந்த மொத்த வியாபாரிகளிடம் கேட்டால் சாயங்காலத்துக்குள் பாரிமுனை வரை செய்தி போய்விடும். அதனால் கல்மண்டபம் பக்கத்தில், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு செருப்புக் கடையாகப் பார்த்து நுழைந்தார். அங்கே இருந்தவன் பெயர் ரஞ்சித், முப்பது வயதிருக்கும். வேட்டியையும் நெற்றியையும் பார்த்ததுமே, "வாங்க அண்ணாச்சி, இன்னா பாக்கறீங்க?" என்றான்.

"ஒரு சினேகிதருக்கு வேணும்" என்றார் வெள்ளத்துரை. "கொஞ்சம் குள்ளமான ஆளு. போட்டா ஒசரமாத் தெரியற மாதிரி ஷூ இருக்காமே."

"கீதே. தோஸ்த்துக்கு இன்னா சைஸு?"

"ஆறு."

"உங்க காலு இன்னா சைஸு?"

"அதுவும் ஆறுதான்."

"அப்போ ஒக்காருங்க. உங்க கால்லயே போட்டுப் பாத்துக்கலாம். தோஸ்த்துக்குக் கரீட்டா இருக்கும்."

ரஞ்சித்தின் முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. அதற்காகவே வெள்ளத்துரைக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

வெளியிலிருந்து பார்த்தால் அது சாதாரணக் கறுப்பு ஷூ. உள்ளே குதிகால் வைக்கிற இடத்தில் மட்டும் சரிவாக ஒரு மேடு இருந்தது. மூன்று அங்குல ஜோடியைப் போட்டுக்கொண்டு எழுந்தபோது மாடிப்படியில் பாதி இறங்கி நிற்கிற மாதிரி முன்னால் சாய்ந்தார். ரஞ்சித் தோளைப் பிடித்து நேராக்கி, கண்ணாடி முன்னால் நிறுத்தினான். கண்ணாடியில் தெரிந்த ஆளை அவருக்கு முன்பின் தெரியாது. ஆனால் பழகிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இதையே குடு" என்றார்.

"குடுக்கலாம் அண்ணாச்சி. ஆனா உங்க தோஸ்த்து ஒரே நாள்ல மாட்டிக்குவாரு. நேத்து வரைக்கும் தோள்ல இருந்தவரு இன்னிக்குக் காதாண்ட வந்தா ஊரு சும்மா வுடுமா? மொள்ள ஏறணும். மொதல்ல ஒரு இஞ்ச், மூணு வாரம். அப்பால ரெண்டு. கல்யாணத்தப்போ மூணு. கொழந்தை வளர்ற மாதிரி. டெய்லி பாக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

கல்யாணம் என்று தான் சொல்லவே இல்லையே என்று வெள்ளத்துரைக்கு அப்புறம்தான் உறைத்தது. அந்த வயதில் இந்த ஷூவைத் தேடி வருகிறவர்கள் வேறு எதற்கு வருவார்களாம். மூன்று ஜோடியையும் வாங்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி" என்று ரஞ்சித் வாசலில் கூப்பிட்டான். "தோஸ்த்தைப் பேன்ட்டு போடச் சொல்லுங்க. வேட்டிக்குக் கீழ இது வேலைக்காவாது."

அதற்காகப் பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் தௌசீஃப் பாயிடம் போனார். இருபது வருஷமாக அவருக்குச் சட்டை தைக்கிற ஆள். நாலு பேன்ட் வேண்டும் என்றதும் தௌசீஃப் நிமிர்ந்து பார்த்தார். கீழ்மடிப்புக்குள் மூன்று அங்குலத் துணி இருக்க வேண்டும், கேட்கும்போது ஒவ்வொரு அங்குலமாக இறக்கித் தர வேண்டும் என்றதும் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஸ்கூல் பசங்களுக்கு யூனிஃபார்ம் இப்படித்தான் அண்ணாச்சி தைப்போம்" என்றார். "வளர்ற புள்ள, அடுத்த வருஷத்துக்கும் ஆவட்டும்னு."

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து அளவெடுக்கத் தொடங்கினார்.

முதல் அங்குலம் வெள்ளத்துரைக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கடையில் இரண்டாவது தட்டின் மேல்பக்கம் முதல்முறையாக அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே விரல் கனத்துக்குத் தூசி இருந்தது. டில்லிபாபுவைக் கூப்பிட்டார். டில்லிபாபு அந்தக் கடையில் பதினெட்டு வருஷமாக மூட்டை இறக்குகிறவர், அவருக்கே பேரன் இருந்தான்.

"இது என்ன டில்லி, துடைக்கவே மாட்டியா?"

டில்லிபாபு தட்டைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், மறுபடியும் தட்டைப் பார்த்தார். "பதினெட்டு வருஷமா இந்தத் தூசி இங்கதான் கீது மொதலாளி. நீங்க இன்னிக்குத்தான் கேக்கறீங்க."

"இன்னைக்குத்தான் தெரியுது."

"கண்ணாடி மாத்துனீங்களா?"

"ஆமா" என்றார் வெள்ளத்துரை. அவர் கண்ணாடியே போடுவதில்லை.

சங்கடம் வீட்டில்தான். காலடிப்பேட்டையில் வீடு. வாசலுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றியாக வேண்டும். கழற்றியதும் காலையில் வளர்ந்ததெல்லாம் வாசலோடு போய்விடும். யார் பக்கத்தில் நிற்பதற்காக வளர்ந்தாரோ அந்த இசக்கியம்மாள் கண்ணுக்கு அவர் ஒரு நூல்கூடக் கூடவில்லை. அம்மன் கோயிலுக்குப் போனால் அங்கேயும் வெறுங்கால். சொந்தக்காரர் வீடு, டாக்டர் கிளினிக், பக்கத்து நகைக்கடை, எங்கே போனாலும் முதலில் சொல்வது 'செருப்பை வெளியே விடுங்க' என்பதுதான். இந்த ஷூவைக் கண்டுபிடித்த ஆள் தமிழ்நாட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டான் என்று வெள்ளத்துரைக்குத் தோன்றியது.

ஷூவை வாசலில் விடாமல் துணிப்பையில் போட்டுப் பரணில் வைப்பதை இசக்கியம்மாள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அதிகம் பேச மாட்டாள், கேட்டால் ஒரே கேள்வியில் கேட்டுவிடுவாள்.

"வேட்டி என்ன பாவம் செஞ்சுது?"

"கல்யாணத்துக்குக் கோட்டு போடணும்லா. பேன்ட்டுக்குப் பழகுதேன்."

"ஷூ எதுக்குப் பரணுக்குப் போகுது?"

"எலி" என்றார் வெள்ளத்துரை.

ஐந்தாவது வாரம் இரண்டாவது அங்குலத்துக்கு ஏறினார். தௌசீஃப் பாய் பேன்ட்டை இறக்கிக் கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்டுவதற்காகப் புருஷனும் பொண்டாட்டியும் ஆட்டோ பிடித்து ராயபுரத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போனார்கள்.

ராசையா தெருவிலேயே காத்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா காலத்திலேயே தெற்கிலிருந்து வந்துவிட்ட குடும்பம். பிறந்தது, வளர்ந்தது, துறைமுகத்தில் வேலை பார்த்தது எல்லாம் ராயபுரம்தான், பேச்சும் ராயபுரம்தான். வெள்ளத்துரையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஏதோ கணக்குத் தவறிய மாதிரி ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, எளைச்சிட்டீங்களா? ஒரு மாதிரி நீட்டா கீறீங்களே."

வெள்ளத்துரைக்கு உள்ளே பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு நாலு எட்டு வைத்தவர் வாசலைப் பார்த்து நின்றுவிட்டார். நிலைப்படிக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஷூவைக் கழற்றினால் சம்பந்தியின் கண் முன்னால், பட்டப்பகலில், இரண்டு அங்குலம் இறங்க வேண்டும். இறக்கிவிட்ட பேன்ட் தரையைக் கூட்டும்.

"நீங்க போங்க. நான் கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வாரேன்" என்றார்.

காசிமேட்டிலிருந்து அப்போது வந்துகொண்டிருந்த காற்றில் கருவாட்டு வாசனைதான் இருந்தது. ராசையா மூக்கைச் சுருக்கினார். இசக்கியம்மாள் உள்ளே போனாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. வெள்ளத்துரை போனைக் காதில் வைத்து இல்லாத ஒரு வாடிக்கையாளரோடு கையுறை பற்றிப் பேசினார். பத்து நிமிஷம் ஆயிற்று. ராசையாவின் மனைவி செல்லக்கனி வெளியே வந்தாள். பக்தியும் பயமும் ஒரே அளவில் கலந்த பெண்மணி.

"ஏண்ணே உள்ள வரமாட்டேங்கிறிய? எங்க வீட்டுல ஏதாவது குறை கண்டியளா?" அவள் குரல் உடைகிற நிலையில் இருந்தது. "பத்திரிகை அடிக்கிற நேரத்துல வாசல்லயே நின்னா நாங்க என்னன்னு எடுத்துக்கிடுறது?"

ராசையாவின் முகமும் மாறியிருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் காரியம் கெட்டுவிடும் என்று வெள்ளத்துரைக்குப் புரிந்தது. வாயில் வந்ததைச் சொன்னார்.

"குறையெல்லாம் இல்லம்மா. ஒரு வேண்டுதல். கல்யாணம் நல்லபடியா முடியுற வரைக்கும் சம்பந்தி வீட்டு நிலைப்படி தாண்டறதில்லன்னு வேண்டிக்கிட்டேன்."

செல்லக்கனி இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். நிலைமை அங்கேயே சரியாயிற்று, சரியானதோடு நிற்காமல் மேலேயும் போயிற்று. ஒரு நாற்காலி தெருவுக்கு வந்தது. அதன் மேல் ஒரு துண்டு விரிக்கப்பட்டது. காபி வந்தது, முறுக்கு வந்தது. நிறுத்தியிருந்த ஓர் ஆட்டோவுக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் உட்கார்ந்து வெள்ளத்துரை காபி குடித்தார். எதிர்வீட்டுக்காரர்கள் விசாரித்தார்கள், செல்லக்கனி ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். மீன் விற்றுக்கொண்டு போன ஓர் அம்மாள் அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று கேட்டாள்.

"பொண்ணுக்காக இம்மாம் பெரிய வெரதம் யாரு நைனா எடுப்பாங்க" என்று வெள்ளத்துரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

இசக்கியம்மாள் நிலைப்படிக்கு உள்ளே நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்ப்பதை வெள்ளத்துரை தவிர்த்தார்.

இரண்டு பேரும் ஆட்டோவில் காலடிப்பேட்டைக்குத் திரும்பினார்கள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டாள்.

"எந்தச் சாமிக்கு வேண்டிக்கிட்டிய?"

"நம்ம ஊரு சாமிக்குத்தான்."

"என்னைக்கு?"

"போன மாசம்."

"போன மாசம் நீங்க ஊருக்கே போகல."

"மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன்."

"சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லியிருக்கிய. நாளைக்குக் கல்யாணத்துல ஒரு தீக்குச்சி அணைஞ்சாலும் எனக்கு இதுதான் நெனப்பு வரும்" என்றாள். "பரண்ல இருக்கத எறக்குங்க."

வெள்ளத்துரை ஸ்டூல் போட்டு ஏறித் துணிப்பையை இறக்கினார். மூன்று ஜோடியையும் அவள் கூடத்து விளக்கடியில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தாள். கத்தரிக்காயில் புழு பார்க்கிற மாதிரி பார்த்தாள். கடைசி ஜோடிக்குள் கை போனதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வெள்ளத்துரை போட்டோவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது தனக்கே சின்னப்பிள்ளைத்தனமாகப் பட்டதால் நடுவில் இரண்டு தடவை நிறுத்தினார். அவள் சிரிக்கவில்லை.

"மூணு இஞ்ச் எதுக்கு?"

"அப்பத்தான் ஒன் ஒசரம் வரும்."

"என் ஒசரம் எவ்வளவு?"

"அஞ்சடி நாலு."

இசக்கியம்மாள் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். குதிகாலைச் சுவரில் வைத்து, முதுகை வைத்து, தோளை வைத்து, கடைசியில் தலையையும் வைத்தாள். ஒவ்வொன்றாக வைக்கவைக்க அவள் மேலே போய்க்கொண்டே இருந்தாள். வெள்ளத்துரை வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"அளந்து பாருங்க."

கடையிலிருந்து கொண்டுவந்த இரும்பு டேப் மேஜையில் கிடந்தது. ஸ்டூலில் ஏறித்தான் அளந்தார். ஐந்தடி ஆறரை அங்குலம்.

"நெசமாவா" என்றார்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எங்கம்மா சொல்லிட்டா, மாப்பிள்ளை கொஞ்சம் கட்டையா இருக்காவ, நீ குனிஞ்சே நில்லுன்னு. குனிஞ்சேன். அப்புறம் அப்படியே பழகிப்போச்சு. ஒங்க கூட நடந்தா குனிவேன், போட்டோன்னா குனிவேன், அடுப்படில தனியா நிக்கும்போதுகூடக் குனிஞ்சுதான் நிக்கேன். கழுத்து வலிக்குதுன்னு போன வருஷம் டாக்டர்ட்ட போனோம்லா, அவரு என்ன சொன்னாரு? நிமிந்து நடங்கம்மான்னாரு. நீங்க பக்கத்துலதான் இருந்திய."

வெள்ளத்துரைக்கு அது நினைவிருந்தது. டாக்டர் எல்லாப் பெண்களுக்கும் சொல்கிற வழக்கமான பேச்சு என்று நினைத்திருந்தார். ஸ்டூலிலிருந்து இறங்கி அதிலேயே உட்கார்ந்தார்.

"நான் கேக்கவே இல்லையே இசக்கி, குனின்னு."

"கேக்கல. நிமிருன்னும் சொல்லலயே."

பிறகு வெள்ளத்துரை ஷூக்களைப் பைக்குள் போடப் போனார். அவள் தடுத்தாள்.

"போடுங்க. கல்யாணத்துக்கு மூணு இஞ்ச்சும் போடுங்க. நீங்க மேல வந்தாத்தான் நானும் கூச்சமில்லாம நிமிர முடியும்."

மறுநாளிலிருந்து காலையில் மொட்டை மாடியில் இரண்டு பேருக்கும் பயிற்சி நடந்தது. அவர் மூன்று அங்குலத்தில் விழாமல் நடக்கப் பழகினார். அவள் தோளைப் பின்னால் தள்ளி, தலையைத் தூக்கி நடக்கப் பழகினாள். மணலிப் பக்கம் புகைபோக்கி உச்சியில் நெருப்பு எரிவது இருபது வருஷமாக அந்த மாடியிலிருந்து தெரியும். துணி காயப்போடும்போது இதுவரை அதைப் பார்த்ததே இல்லை என்றாள் இசக்கியம்மாள். காலேஜுக்குக் கிளம்பும் முன்பு துண்டு எடுக்க மேலே வந்த ஷாலு, அப்பா தள்ளாடுவதையும் அம்மா விறைப்பாக நடப்பதையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் இன்னா ஆச்சு?" என்றாள். கல்யாணத்துக்கு உடற்பயிற்சி என்று சொல்லி அனுப்பினார்கள்.

வேண்டுதல் பொய்யை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அது தானாகவே கடைக்கு நடந்து வந்தது. எட்டாம் நாள் பகல் பதினோரு மணிக்கு ராசையா கடைப் படியேறி, ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

"சம்பந்தி, உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். அந்த வெரதத்த முடிச்சுக்க முடியுமா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"உங்களப் பாத்துட்டு எங்க வூட்டம்மாவும் ஒண்ணு எடுத்துகினா. பொண்ணு வூட்டுக்காரரே இந்தப் பாடு படறாரு, புள்ளையப் பெத்தவ நான் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்னு. கல்யாணம் முடியற வரைக்கும் வூட்ல சமையல்ல உப்பு கெடையாது." ராசையா குரலைத் தாழ்த்தினார். "யாருக்குமே கெடையாது. எட்டு நாளாச்சு. நேத்து வஞ்சிர மீன் கொழம்பு. உப்பில்லாம. முப்பத்தாறு வருஷம் ஹார்பர்ல வேல செஞ்சவன் நான், கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

பின்னால் கயிறு சுற்றிக்கொண்டிருந்த டில்லிபாபு வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். வெள்ளத்துரை அவரை டீ வாங்க அனுப்பினார். பிறகு கல்லாவை விட்டு வெளியே வந்து, சம்பந்தியின் முன்னால் நின்று, ஷூவைக் கழற்றினார். இரண்டு அங்குலம் இறங்கி, தரையில் மடங்கிய பேன்ட்டோடு நின்றார். விஷயத்தைச் சொல்ல அதற்கு மேல் அதிக வார்த்தை தேவைப்படவில்லை.

ராசையா ஷூவைக் கையில் வாங்கிப் பார்த்தார். கிரேன் பாகங்களைப் பார்த்த பழக்கத்தில் திருப்பி, தட்டி, உள்ளே விரல் விட்டுப் பார்த்தார்.

"நல்ல வேலப்பாடு" என்றார். "இதுக்கா சம்பந்தி நான் எட்டு நாள் உப்பில்லாம துன்னேன்?"

"மன்னிச்சுக்கிடுங்க."

"மன்னிக்கிறதெல்லாம் அப்பால. இத வூட்டம்மாவாண்ட சொல்ல முடியாது. சொன்னா பொய் வேண்டுதலுக்குப் பரிகாரம்னு ஒண்ணு ஆரம்பிப்பா, அதுல இன்னா போவும்னு யாருக்குத் தெரியும். கனவுல சாமி வந்து போதும்னுச்சுன்னு சொல்லிட்டு இன்னிக்கே வாங்க. செருப்பு போட்டுகினு வாங்க. நீங்க முடிச்சா அவளும் முடிச்சுக்குவா."

கனவில் யார் வருவது என்பதில் மறுபடியும் சாமியை இழுக்க வெள்ளத்துரைக்கு மனமில்லை. இசக்கியம்மாளைப் போனில் கேட்டார். "ஊருப் பெரியவங்க ஒருத்தர் போதும்னு சொன்னாவன்னு சொல்லுங்க. அது பொய் இல்ல, நான் சொல்லுதேன்லா" என்றாள் அவள். அன்று மத்தியானம் வேட்டியும் தோல் செருப்புமாக வெள்ளத்துரை ராயபுரம் போனார். செல்லக்கனி ஆரத்தி சுற்றி, வலது காலை முதலில் வைக்கச் சொல்லி, நிலைப்படி தாண்ட வைத்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும் ராசையா நேராக அடுக்களைக்குப் போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையின் நடுவில் வைத்தார்.

கல்யாணம் திருவொற்றியூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. காலையில் முகூர்த்தம். மணமேடையில் எல்லாரும் வெறுங்கால், பெரும்பாலும் உட்கார்ந்திருந்தார்கள், அதனால் உயரத்துக்கு அங்கே வேலையில்லை. மாலையில் வரவேற்பு. வெள்ளத்துரை கோட் போட்டு, மூன்று அங்குலத்தில் ஏறி, முழு நீளத்துக்கு இறக்கிய பேன்ட்டோடு மேடைக்கு வந்தார். பத்து வாரத்து உழைப்பு. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தார்.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர்களின் பார்வை அவர் மேல் பட்டு வழுக்கிப் பக்கத்துக்குப் போயிற்று. அங்கே இசக்கியம்மாள் மாம்பழ நிறப் பட்டில், தோளை விரித்து, தலையைத் தூக்கி நின்றுகொண்டிருந்தாள்.

"இசக்கி, நீ என்னட்டி இவ்வளவு ஒசரம்?" என்றாள் அவளுடைய சொந்த அக்கா.

"மொதலாளியம்மா போலீஸ் ஆபீஸர் மாரி கீறாங்க" என்றார் டில்லிபாபு, குடும்பத்தோடு மேடையேறி வந்து. முதலாளியைப் பார்த்து, "நீங்களும் நல்லாத்தான் கீறீங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

'வரலையா' என்று வாட்ஸ்அப்பில் கேட்ட தங்கச்சி மாப்பிள்ளை வெள்ளத்துரையின் கையைக் குலுக்கிக்கொண்டே இசக்கியம்மாளைத்தான் பார்த்தார். முதல் அரைமணி நேரம் வெள்ளத்துரைக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் எப்போது என்று தெரியாமலே அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். "அஞ்சடி ஆறரை. நானே டேப் வச்சு அளந்தேன். அவ அக்கா தங்கச்சிகள்ல இவதான் ஒசரம்." பரிசுப் பெட்டியோடு வரிசையில் வந்தவர்கள், கேட்காமலே இந்தத் தகவலையும் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

எட்டு மணிக்குள் கால்விரல் பத்தும் மரத்துப்போயின. வரிசை மண்டபத்துக்கு வெளியே, ஐஸ்கிரீம் மேஜை வரை நின்றது. மணமக்கள் உட்காரும் சோஃபாவுக்குப் பின்னால் போய், ஒரு கையால் சோஃபாவைப் பிடித்துக்கொண்டு, வெள்ளத்துரை ஒரு ஷூவைக் கழற்றினார். அந்தச் சுகத்தில் இன்னொன்றும் தானாகக் கழன்றது. இரண்டையும் காலால் சோஃபாவுக்கு அடியில் தள்ளிவிட்டு, காலுறையோடு மேடையின் கம்பளத்தில் நின்றார். பேன்ட் இரண்டு பக்கமும் குதிகாலுக்குக் கீழே மடங்கித் தரையைத் தேய்த்தது.

இசக்கியம்மாள் பார்த்தாள். வளையலில் கோத்திருந்த இரண்டு ஊக்கைக் கழற்றிக்கொண்டு அவர் காலடியில் குனியப் போனாள்.

"நீ குனியாத" என்றார் வெள்ளத்துரை. "இங்க கொடு. நான் குத்திக்கிடுதேன்."

அவரே உட்கார்ந்து இரண்டு காலையும் உள்பக்கமாக மடித்து ஊக்கு குத்தினார். அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர் குடும்பப் படம் என்று கூப்பிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பின்னால் மரம் மாதிரி நின்றார்கள். ராசையா கையை நீட்டி, சித்திமார்களை விலக்கி, வெள்ளத்துரையைத் தோளோடு பிடித்து முன்வரிசைக்குக் கொண்டுவந்து இசக்கியம்மாள் பக்கத்தில் நிறுத்தினார். அவருடைய தலை அவள் காதுக்குக் கீழே வந்தது. அவள் கொஞ்சம் தயங்கியது அவருக்குத் தெரிந்தது. கழுத்து இறங்கத் தொடங்கியது.

"நேரா நில்லுட்டி" என்றார் உதட்டை அசைக்காமல்.

அவள் நின்றாள்.

சாப்பாடு முடிந்து, சாமான்களை வண்டியில் ஏற்றும்போது சோஃபாவுக்கு அடியில் பார்த்தார்கள். ஷூ இல்லை. மண்டபத்துக்காரர்கள் மேடையைப் புரட்டிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. வெள்ளத்துரை காலுறையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு வேன் ஏறினார்.

அடுத்த இரண்டு வாரம் மறுவீடு, விருந்து என்று இரண்டு குடும்பத்து ஆட்களையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியிருந்தது. வெள்ளத்துரை ஒவ்வோர் ஆணையும் வாசலுக்கு வெளியே ஒரு தடவையும் உள்ளே ஒரு தடவையும் கண்ணால் அளந்தார். ஒரு சின்ன மாமனார் மேலும், மண்டபத்தில் பூ ஜோடித்தவர் மேலும் சந்தேகம் இருந்தது. யாரும் வளர்ந்ததாகத் தெரியவில்லை.

"விடுங்க" என்றாள் இசக்கியம்மாள். "யாரு எடுத்தாவளோ, அவியளுக்கும் ஏதோ ஒரு விசேஷம் வருது போல."

"ஆறாம் நம்பர் இசக்கி. எல்லாருக்கும் சேராது" என்றார் வெள்ளத்துரை. ஒரு அங்குல ஜோடியை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.